ஏரி மீன் செத்தது எப்படி?

சத்தியமாக இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

"இதுலயும் கோட்டைவிட்டா வீட்டுப் படி ஏறாதே" என்று நம் ஆளிடம் அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். பாடம் சுற்றுச்சூழல் அறிவியல். எதிரே மூன்று துறைப் பேராசிரியர்கள்.

"ஏரியில மீன் ஏன் செத்துச்சு தம்பி?" என்றார் வேதியியல் பேராசிரியர்.

"கழிவை விட்டது யாருன்னு பாக்கணும் சார். அது சட்டம்."

"சட்டம் என்ன சொல்லுது?" என்றார் சட்டப் பேராசிரியர்.

"சட்டம் இருக்கு சார். ஆலையை மூடினா நஷ்டம் யாருக்கு? அது பொருளாதாரம்."

"சரி, எவ்வளவு நஷ்டம்?" என்றார் பொருளாதாரப் பேராசிரியர்.

"தண்ணியில என்ன கலந்துச்சுன்னு தெரிஞ்சாத்தானே சார் கணக்குப் போடலாம்? அது வேதியியல்."

மற்ற இருவருக்கும் புரிந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் நினைத்து, மூவரும் பலமாகத் தலையாட்டினார்கள்.

"பல துறைகளையும் இணைச்சுப் பாக்குறீங்களே, பிரமாதம்" என்றார் வேதியியல் பேராசிரியர்.

நம் ஆள் தேறிவிட்டான். அன்று நடந்தது துறைத் தலைவர் பதவிக்கான நேர்காணல்.