சீனத்து மாப்பிள்ளை

“இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது. நிறுத்துங்க.”

தேவானந்தம் குடையால் பெஞ்சில் ஓங்கி அடித்தார். பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டிருந்த பெண்ணும் மாப்பிள்ளையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளுக்குத் தலையிலிருந்து இடுப்புவரை வெள்ளை நெட். அவனுக்குத் தலையில் பட்டுக் குல்லா, முதுகில் நீளமாக ஒற்றைப் பின்னல்.

“கட்” என்றார் டைரக்டர் ஸ்ரீநிவாசராகவன். விளக்குகள் அணைந்தன.

தாம்பரத்தில் அந்தப் பழைய கிறிஸ்தவக் கோவிலை மூன்று நாளைக்குப் படப்பிடிப்புக்கு விட்டிருந்தார்கள். கூரை ஒழுகுகிறது, சபைக் கமிட்டிக்கு வேறு வழியில்லை. இருநூறு வருஷத்துக்கு முன் கப்பலேறி வந்த ஒரு சீன வியாபாரிக்கும் ஒரு தமிழ்ப் பெண்ணுக்கும் காதல் என்று கதை. கதையைக் கேட்ட நாளிலிருந்து மூப்பர் தேவானந்தத்துக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? அவர் வீட்டிலேயே அந்தக் கதைதான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே மகள் சாராள், ஏர்போர்ஸில் இருக்கும் ஷில்லாங் பையன் லிங்டோவைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பையனும் கிறிஸ்தவன்தான், குடிப்பழக்கம்கூடக் கிடையாது. ஆனால் மொழி வேறு, சோறு வேறு, முகமே வேறு என்று இவர் குதித்தார்.

பெண்ணுக்கு இருபத்து மூன்று வயது, சட்டம் அவள் பக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபைக்கு அறிவிக்கும் ஓலையை மூன்று ஞாயிறும் வாசித்தாயிற்று. மூன்று முறையும் இவர் எழுந்து தடை சொன்னார். “மலைக்காரன்னு சொல்றது தடை ஆகாது” என்று சபைப் போதகர் தனசிங் ஐயர் தள்ளிவிட்டார்.

“அப்படின்னா கல்யாணத்தன்னிக்குக் கோவில் வாசல்ல குறுக்கே படுப்பேன். என்னை மிதிச்சுட்டுத்தான் அவ உள்ள போகணும்” என்று சபை நடுவிலேயே சத்தியம் செய்தார். செய்யக்கூடிய மனுஷன்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை லிங்டோ அஸ்ஸாமில் ஜோர்ஹாட்டுக்கு மாற்றலாகிப் போகிறான், அதுவரை தாக்குப்பிடித்தால் போதும். இன்றைக்கு விடியற்காலைதான் மகளைத் திருச்சிக்கு ரயிலேற்றிவிட்டு நேரே இங்கே வந்திருந்தார்.

“இன்னா சார், மூணு நாளா பேஜார் பண்ணிக்கினே கீறீங்க?” என்று ஓடிவந்தான் புரொடக்‌ஷன் மேனேஜர் சிட்டிபாபு.

“பாதிரி அங்கி போட்டுட்டு நிக்கறானே, அவன் யாருய்யா? பீடி நாத்தம் இங்கவரைக்கும் அடிக்குது.”

“ஜூனியர் ஆர்ட்டிஸ்ட் சார்.”

“அவன் என்ன படிக்கறானா, ஏலம் போடறானா? தடை யாருக்காவது உண்டான்னு கேக்கற இடத்தையே முழுங்கிட்டான். அது இல்லாம என்ன கல்யாணம்?”

“அப்போ இன்னா பண்ணணும்ன்றீங்க?”

“நம்ம ஐயர் படிக்கட்டும். புஸ்தகத்துல இருக்கறபடி, ஒரு எழுத்து விடாம.”

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த தனசிங் ஐயர் மெதுவாக எழுந்தார். “முழு ஆராதனையும் படிக்கவா, தேவானந்தம்?”

“படிங்க. கோவில்னா என்னன்னு இந்தக் கூத்தாடிப் பசங்களுக்குத் தெரியட்டும்.”

விளக்குகள் எரிந்தன. தேவானந்தத்தைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, “சைலன்ஸ்” என்று உதட்டில் விரல் வைத்தார் டைரக்டர்.

ஐயர் கணீரென்று படித்தார். “இவர்கள் இருவரும் இணையக் கூடாதென்பதற்கு நியாயமான தடை எவருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்லட்டும். இல்லையேல் இனி எக்காலமும் மௌனமாயிருக்கட்டும்.”

படித்துவிட்டு நிமிர்ந்தார். கடைசி வரிசையை நேராகப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். தேவானந்தம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருமிய லைட் ஆளை எரித்துவிடுவதுபோல் முறைத்தார்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் பெயர் சொல்லி ஐயர் சம்மதம் கேட்டபோது ஒரு கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டு கோவில் சுவரே அதிரப் போனது. பெயரும் கேட்கவில்லை, பதிலும் கேட்கவில்லை. டைரக்டர் கட் சொல்லவில்லை. வண்டி போனதும் மாப்பிள்ளை தாலி கட்டினான். ஐயர் பெரிய ரிஜிஸ்டரை விரித்து இருவரிடமும் கையெழுத்து வாங்கினார், சாட்சிகளிடமும் வாங்கினார்.

வேஷத்தைக்கூடக் கலைக்காமல் இரண்டு பேரும் பக்கவாசல் வழியாகப் போனார்கள். வெளியே ஒரு டாக்சி கிளம்பும் சத்தம் கேட்டது.

“பாத்தியா, இதுதான் ஆராதனை” என்று சிட்டிபாபுவிடம் சொல்லி மீசையைத் தடவினார் தேவானந்தம். பிறகு ஐயர் பக்கம் திரும்பினார். “இதே நிஜக் கல்யாணமா இருந்திருந்தா, தடைன்னு கூரை பறக்கக் கத்தியிருப்பேன்.”

“அது ஊருக்கே தெரியுமே” என்று ஐயர் ரிஜிஸ்டரை அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

தேவானந்தத்துக்குத் திரும்பவும் கோபம் பொங்கியது. நம்ம ஜாதிப் பெண்ணை எங்கிருந்தோ வந்தவன் கட்டுவதை ஊரே பார்க்குமே என்று நினைத்தபோது தாங்கவில்லை. சிட்டிபாபுவின் சட்டையைப் பிடித்தார்.

“இந்தக் கல்யாண சீனை வெட்டி எறியணும். தியேட்டர்ல ஒரு பய இதைப் பாக்கக் கூடாது. மீறினா பிஷப்புக்கு எழுதுவேன்.”

சிட்டிபாபு அவர் கையை மரியாதையாக விலக்கினான்.

“வெட்றதுக்கு இன்னா கீது சார்? கேமராவுல ஃபிலிமே போடலியே.”