பக்கத்துத் துண்டு

சாயம் ஏற்றிய கண்ணாடித் தகட்டை லேப் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் வைத்தார்.

வெளி பெஞ்சில் தையல்காரப் பெண் ஒருத்தி காத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே வீக்கம். நிணநீர்ப் புற்று என்று முடிவுகட்டி, நாளைக்கே மருந்து ஏற்றுவதாக இருந்தார்கள்.

டாக்டரம்மாதான் குறுக்கே விழுந்து தடுத்தார். ரத்தப் புற்று சில பேருக்கு ரத்தத்தில் தலைகாட்டும் முன்பே இப்படிக் கட்டியாக வந்து உட்காரும், அதற்கு மருந்தே வேறு, இன்னொரு சாயம் போட்டுப் பார்த்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்தார்.

புற்றுநோய் டாக்டர் சிரித்தார். தன் சர்வீஸில் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லையாம்.

தகட்டில் இரண்டு துண்டுகள். ஒன்று தையல்காரப் பெண்ணுடையது. மற்றது, டாக்டரம்மா சந்தேகப்படும் இதே ரத்தப் புற்றுதான் என்று பல வருஷத்துக்கு முன் உறுதியான ஒருவரின் கட்டியிலிருந்து சீவியது. அது பழுப்பானால்தான் சாயம் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அந்தப் பழைய கட்டியைப் பதித்த மெழுகுக் கட்டையை டாக்டரம்மா யார் கையிலும் கொடுக்க மாட்டார். கல்யாண நகையைக்கூட இப்படிப் பூட்டி வைக்க மாட்டார்கள் என்று லேப் முழுக்கக் கேலி பேசும்.

முதலில் பழையதைப் பார்த்தார். நல்ல பழுப்பு. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அது காலை வாரிவிட்டதில்லை.

தகட்டை நகர்த்தினார். புதியதும் பழுப்பு. சந்தேகத்துக்கே இடமில்லை.

டாக்டரம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. உடனே புற்றுநோய் டாக்டருக்குப் போன் போட்டார். அவர் மருந்தை மாற்றிவிடுவதாகச் சொல்லி நன்றியும் சொன்னார். சரியாகக் கேட்கவில்லை என்று டாக்டரம்மா அந்த நன்றியை இன்னொரு தடவை சொல்ல வைத்தார்.

தையல்காரப் பெண்ணை உள்ளே கூப்பிட்டு எல்லாவற்றையும் விளக்கினார். அவள் அழவில்லை. ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராத நோய் தனக்கு வந்திருக்கிறது என்பதுதான் அவளை உலுக்கியது.

"இது வந்து பிழைச்சவங்க யாராவது இருக்காங்களா டாக்டர்?"

டாக்டரம்மா எழுந்து, தன் நாற்காலியில் அவளை உட்கார வைத்து, மைக்ராஸ்கோப்பைப் பார்க்கச் சொன்னார்.

"இது உங்களோடது."

தகட்டை மெல்ல நகர்த்தினார்.

"இது என்னோடது."