கழி முனையில் ஒரு குரல்

அந்த ஊரில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் வழுக்குப்பாறையின் உச்சி. அங்கேயும் போனை மூங்கில் கழி முனையில் கட்டி, ஸ்பீக்கரைப் போட்டு, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால்தான் லைன் நிற்கும். யார் யாரோடு பேசினாலும் முறைக்குக் காத்திருக்கிற அத்தனை பேருக்கும் கேட்கும். அதனால் பெண்கள் சாப்பாட்டையும் மழையையும் மட்டும் பேசிவிட்டு இறங்கிவிடுவார்கள்.

கன்னம் வீங்கித் தாய்வீடு வந்த பொன்மலருக்கு அன்று பதினோராவது நாள். சாயங்காலம் பஸ் ஏற்றிவிடுவதாக அப்பா மருமகனிடம் ஒப்புக்கொண்டிருந்தார். "வர்றேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எறங்கு" என்று பாறை உச்சியில் கழியை அவள் கையில் கொடுத்தார்.

"என்ன, கெளம்பிட்டியா?" என்றது கழி முனையிலிருந்து புருஷன் குரல்.

"நான் வரலைங்க."

"விட்டு விட்டுக் கேக்குது. என்னது?"

வரிசையில் கடலை கொறித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்தினார்கள். "மெதுவாப் பேசு புள்ள, மானம் போகுது" என்று அப்பா கழியைப் பிடித்து இழுத்தார்.

அவள் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு இன்னும் உயரமான கல்லில் ஏறினாள். "அடிக்கிற கைக்குச் சோறு போட இனிமே வரமாட்டேன்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.



"பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?" என்று கேட்டான் அவன், தணிந்த குரலில்.

"ஊரே இருக்கு" என்றாள் பொன்மலர், கழியைத் தாழ்த்தாமல். "இப்பப் பேசு."