நாவல்பழக் கறை

கணவன் வீரமலையை எரித்த மூன்றாம் நாள், அவன் வேலை செய்த கட்டடத்தின் மேஸ்திரி அவனுடைய மஞ்சள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்து தெய்வானையிடம் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை.

“தலையில போடலியாண்ணே?”

“காலையில போட்டுத்தாம்மா இருந்தான். சாப்பாட்டு நேரத்துல காம்பவுண்டு ஓரத்து நாவல் மரத்தடியில பழம் பொறுக்கினான். வைக்க வேற ஒண்ணும் இல்லாம ஹெல்மெட்டுலயே போட்டுக்கிட்டு கட்டடத்தை ஒட்டித் திரும்பி வந்தான். ‘எடுத்து மாட்டுடா’ன்னு கத்தினேன். பழம் வீட்டுக்குப் போகணும்ணேன்னு சிரிச்சான். அப்பதான் மேலேர்ந்து செங்கல்லு...”

மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஹெல்மெட்டின் உள்ளே ஊதாக் கறை காய்ந்து கிடந்தது. தெய்வானை அதைத் தன் ஏழு மாத வயிற்றின் மேல் கவிழ்த்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.

“நான்தாண்ணே கேட்டேன்.”