வளைந்து போன தட்டு

அம்பிகைபாகனுக்கு நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. மணி நாலரை. ஐந்துக்கு ஃபேக்டரி பஸ்.

விடிந்தால் ஆபரேட்டர்களுக்குப் பரீட்சை. பாயான் லெப்பாஸில் அந்த ஃபேக்டரியில் எலக்ட்ரானிக் சிப்பு அடுக்கிய தட்டு அடுத்து எந்த மெஷினுக்குப் போக வேண்டும் என்று இனிமேல் கம்ப்யூட்டர்தான் சொல்லும். மானேஜர் கண்ணெதிரே ஒரு தட்டை மாற்றி வைத்தாலும் அந்த ஆபரேட்டருக்கு வேலை போச்சு. புரோகிராம் எழுதிய இவனுக்கும் வேலை நிரந்தரமாவது அதில்தான்.

எல்லாம் முடிந்த பிறகு சூப்பர்வைசர் கனகேஸ்வரி வந்து ஒரு குண்டைப் போட்டாள். திரையில் ‘ரீடெஸ்ட்’, ‘ரிஜெக்ட்’ என்று எழுத்து வந்தால் போதாதாம். தட்டுப் படம் மெஷின் படத்துக்கு நகர்ந்து போக வேண்டுமாம். சரியென்று நேர்க்கோட்டில் ஓடவிட்டான். அதுவும் பிடிக்கவில்லை.

“நேரா போனா நடுவுல இருக்கிற மெஷின் மேல ஏறிப் போகுது தம்பி. கையால தூக்கி வைக்கிற மாதிரி வளைஞ்சு போய் இறங்கணும்.”

“எழுத்துதான் கொட்டை கொட்டையா வருதே அக்கா. படிச்சா தெரியாதா?”

“அழகா இருக்கட்டும்லா,” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

அழகாம் அழகு! தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் இவளுக்கு. எரிச்சலோடு கணக்குப் போட்டான். டைமரைக் குறைத்தால் தட்டு பறந்தது, கூட்டினால் நொண்டியது. ஒருமுறை திரையை விட்டே வெளியே போய்விட்டது. அதற்குள் பஸ்ஸும் போய்விட்டது. பரீட்சை முடியட்டும், இவளைப் பற்றி மானேஜரிடம் நாலு வார்த்தை சொல்லாமல் விடுவதில்லை என்று கறுவிக்கொண்டான்.

மறுநாள் பரீட்சைக்குக் கடைசியாக வந்த ஆபரேட்டர் நோர்மா, இருபது வருஷமாக அங்கே உழைக்கிறவள். திரையில் தட்டு வளைந்து எங்கே இறங்குகிறது என்று கண் கொட்டாமல் பார்ப்பாள். அதே மெஷினில் கொண்டுபோய் வைப்பாள். பத்துக்குப் பத்தும் சரி. மானேஜர் வாயே திறக்காமல் ஒரு சீட்டை எழுதி அவள் கையில் கொடுத்துவிட்டுத் தன் கண்ணாடி அறைக்குப் போனார்.

நாலு வார்த்தை சொல்ல அம்பிகைபாகனும் பின்னாலேயே கிளம்பினான்.

நோர்மா சீட்டை வெறித்துக்கொண்டு நின்றாள். கொட்டை எழுத்தில் ‘பாஸ்’ என்றிருந்தது.

“இருக்கவா, வீட்டுக்குப் போகவா?” என்று கனகேஸ்வரியிடம் மலாயில் கிசுகிசுத்தாள்.

கனகேஸ்வரி பதறிப்போய்க் கண்ணாடி அறையைப் பார்த்தாள்.

அது காதில் விழ, அம்பிகைபாகன் உள்ளே போகவில்லை. கண்ணாடிக் கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றான்.

“படிச்சுச் சொல்லுங்கக்கா,” என்றான் மெதுவாக.