நான்கு நிமிட வெளிச்சம்

ஒகேனக்கல் கரைமேட்டுப் பாறை இடுக்கில் மாலை வெயில் தூண்போல இறங்குவது நான்கே நிமிடம்தான். அதைப் படம் பிடிக்க மூன்று நாளாக ஆற்றுப் பாறையில் காத்திருந்தான் சந்திரமோகன்.

கரைமேட்டிலிருந்து மீன் வறுத்து விற்கும் மாதம்மாள் கையை ஆட்டி ஆட்டி அழைத்தாள். அருவி இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வியாபாரத்துக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று அவன் கண்டுகொள்ளவில்லை.

வெயில் இறங்கியது. கேமராவைத் தூக்கினான். மாதம்மாள் ஓடி வந்து, சரியாக வெளிச்சத்துக்கு நடுவில் நின்றுகொண்டாள். விலகச் சொல்லிக் கையசைத்தும் நகரவில்லை.

ஆத்திரத்தோடு மேடேறி ஓடினான்.

"அறிவிருக்கா உனக்கு? மீன் நாத்தத்தோட வந்து நிக்க வேற எடமே கெடைக்கலையா?"

நாலு பேர் முன்னால் அதைவிடக் கேவலமாகவும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான்.

மாதம்மாள் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினாள். திரும்பினான். அவன் நின்றிருந்த பாறையைக் காணோம். செந்நிற வெள்ளம் சுழித்து ஓடிக்கொண்டிருந்தது.

"மேல மழைங்க. வெள்ளம் வருதுன்னு கூப்புட்டுப் பாத்தேன், நீங்க வரல. படத்தைக் கெடுத்தா அடிக்கவாச்சும் மேல வருவீங்கன்னுதான் குறுக்க வந்து நின்னேங்க."

சந்திரமோகன் கையிலிருந்த கேமராவைக் குனிந்து பார்த்தான்.

"படம் போனாலும் கேமராவாச்சும் தப்பிச்சுதுங்களே" என்றாள் அவள், உண்மையான அக்கறையோடு.

அவன் தலை நிமிரவே இல்லை.