ஏழாம் அறையின் தாழ்ப்பாள்

மூடிக் கிடந்த ஜெயிலை வீடற்றோர் விடுதியாக்கியவர்கள், இரும்புக் கதவுகளுக்கெல்லாம் ரோஸ் பெயிண்ட் அடித்தார்கள். வெளிப்பக்கத் தாழ்ப்பாளை உள்ளே மாற்ற மட்டும் மறந்துவிட்டார்கள். பதினோரு வருடம் பஸ் ஸ்டாண்டில் அரைத் தூக்கமே தூங்கிய சொர்ணக்கிளி, ஏழாம் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"தாழ்ப்பாளை உள்ளாற மாத்திக் குடுங்க சார். நானே போட்டுக்கிட்டாத்தான் பயமில்லாமத் தூங்குவேன்."

"இது என்ன உன் மாமனார் வீடா? இடம் கெடைச்சதே பெருசு" என்றார் விடுதி அதிகாரி தணிகாசலம். சொன்னவர், மெத்தையின் அருமையைக் காட்ட, தானே உள்ளே போய் அதில் ஒருமுறை குதித்து உட்கார்ந்தார்.

சொர்ணக்கிளி மிகுந்த மரியாதையோடு கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.

"ஏய், தொறடி!"

"வெல்டருக்கு ஆள் அனுப்பியிருக்கேன் சார். தாழ்ப்பாளை உங்க பக்கம் மாத்தினதும் நீங்களே தொறந்துக்கலாம்."